இருபத்தொன்றா இருபத்தெட்டா

27 அக்டோபர் 2025, திங்கள். இன்று தெரியவந்த தவறு: இருபத்தெட்டு மில்லிமீட்டர் லென்ஸின் மூடியைக் கழற்றாமலேயே எட்டுப் படங்கள் எடுத்திருக்கிறேன். எட்டும் வெறுமை. சின்னத் தவறு என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதிய பிறகு சின்னதாகத் தெரியவில்லை.

மாதங்கி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். மெட்ரோ யமுனையைக் கடந்துகொண்டிருந்தது. கரையோரம், மறையும் சூரியனைக் கும்பிட வந்த சட் பூஜைக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அங்கங்கே விளக்குகள் இன்னும் எரிந்தன. மற்ற நாளாக இருந்தால் இதை எந்த லென்ஸில் எடுக்கலாம் என்று யோசித்திருப்பாள். இன்று பையின் மேலேயே கையை வைத்து, உள்ளே இருக்கும், வகுப்பிலிருந்து வாங்கி வந்த இருபத்தொன்று, இருபத்தெட்டு என்ற இரண்டு லென்ஸ்களையும் துணிக்கு மேலாகத் தடவித் தடவிப் பார்த்தபடி வந்தாள்.

நொய்டாவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. வாரத்தில் மூன்று மாலை மண்டி ஹவுஸ் பக்கம் போட்டோ வகுப்பு. சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. அன்றன்று செய்த தவறை அன்றே எழுதிவிட வேண்டும் என்று முதல் நாளே அவளாக ஒரு விதி போட்டுக்கொண்டாள். இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது.

அவளுடைய கேமரா ரேஞ்ச்ஃபைண்டர் வகை. கரோல் பாகில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. இந்த வகையில் கண் பார்ப்பது ஒரு தனி ஜன்னல் வழியாக; லென்ஸ் பார்ப்பது அதன் போக்கில். லென்ஸுக்கு மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரியும். ஃபோகஸ் பார்க்கலாம், பொத்தானை அழுத்தலாம், 'டிக்' என்ற சத்தமும் கேட்கும். படம் மட்டும் இருக்காது. போதாததற்கு அகல லென்ஸ் போட்டால் அந்த ஜன்னலும் பற்றாது. கேமராவின் தலையில் இன்னொரு சின்னக் கண்ணாடியைச் செருகி அதன் வழியாகப் பார்க்க வேண்டும்.

அன்று மாலை வகுப்பின் இருட்டறையில் பிலிமைக் கழுவித் தூக்கிப் பிடித்தபோது கடைசி எட்டுக் கட்டங்கள் கழுவிய கண்ணாடி மாதிரி இருந்தன. வகுப்பின் லென்ஸ் அலமாரிச் சாவி ஸ்ம்ருதியிடம் இருக்கும். டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அரே, லென்ஸ் கேப்பே எடுக்கலையா நீ? சல், விடு. எல்லாரும் பண்றதுதான். நான் ஒரு கல்யாணம் ஃபுல்லா அப்படி எடுத்தேன்."

"கல்யாணம் முழுக்கவா?"

"மெஹந்தி மட்டும். ஆனா சொல்றப்போ கல்யாணம்னு சொன்னாத்தான் எஃபெக்ட்டு."

மாதங்கிக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

வெள்ளிக்கிழமை அவளுடைய அப்பா ராமசுப்ரமணியன் ஓய்வு பெறுகிறார். முப்பத்தேழு வருஷ மத்திய அரசு வேலை. கடைநிலை எழுத்தராகச் சேர்ந்து, அதே அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக முடிக்கிறார். யார் ஓய்வு பெற்றாலும் அன்று மத்தியானம் செக்‌ஷன் முழுவதும் சேர்ந்து ஒரு போட்டோ எடுப்பது அங்கே வழக்கம். இதுவரை அது வெளியே புல்வெளியில்தான் நடந்தது. அடுத்த மாதம் அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறுவதால், இந்த முறை செக்‌ஷன் அறைக்குள்ளேயே, தன் மேஜை இருந்த இடத்திலேயே எடுக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். எடுக்கப்போகிறவள் மாதங்கி.

மயூர் விஹார் வீட்டில் அவள் செருப்பைக் கழற்றும்போதே அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"லென்ஸோட நம்பரை நாளைக்குள்ள சொல்லிடும்மா. புதன்கிழமை காலம்பற ஃபைல் மேல போறது."

"லென்ஸ் நம்பரா? எதுக்குப்பா?"

"பர்மிஷன்ல எழுதணுமே. கேமரா ஒண்ணு, லென்ஸ் ஒண்ணு, நம்பரோட. கேட்ல எண்ணிப் பாத்துத்தான் உள்ள விடுவான்."

"ரெண்டு லென்ஸ்னு எழுத முடியாதா?"

"எழுதலாம். ஏன் ரெண்டுன்னு கேட்டுத் திருப்பி அனுப்புவா. நான் அதுக்கு விளக்கம் எழுதுவேன். அதுக்குப் பதில் வரப்போ நான் ரிட்டயர் ஆகி மூணு மாசம் ஆயிருக்கும்."

தம்பி அர்விந்த் சோபாவில் படுத்தபடியே போனை ஆட்டினான். "இதுல பாயின்ட் ஃபைவ் வைட் போட்டா முடிஞ்சுது. இதுக்கு ஒரு ஃபைலு, ஒரு பர்மிஷன்!"

"போன்ல எல்லாரும்தான் எடுப்பா. ஃப்ரேம் போட்டு மாட்டறது ஒண்ணுதான்" என்றார் அப்பா.

அவர் அலமாரியிலிருந்து ஆல்பத்தை எடுத்துவந்தார். பதினொரு ஓய்வுகள், பதினொரு போட்டோக்கள். ஒவ்வொன்றிலும் அப்பா இருந்தார். முதல் படத்தில் பின்வரிசைக் கோடியில் ஒல்லியாக நின்றார். படத்துக்குப் படம் நடுவை நோக்கி நகர்ந்து, கடைசி மூன்றில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜோதிலிங்கமும் பதினொன்றிலும் இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். செக்‌ஷனின் பியூன், இப்போதைய பதவிப் பெயர் வேறு, ஆனாலும் எல்லோருக்கும் பியூன்தான். ஒரு படத்தில் அவருடைய தோள்பட்டை மட்டும் இருந்தது. இன்னொன்றில் பாதி முகம். மற்றொன்றில் நாற்காலி முதுகைப் பிடித்திருக்கும் நான்கு விரல்கள்.

"ஜோதி இந்தத் தடவை முழுசா வரணும். மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

அப்பா அதிகம் கேட்கிறவர் இல்லை. அவர் கேட்டது இந்த ஒன்றுதான். மாதங்கி பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

நோட்டில் கணக்குப் போட்டாள். அப்பா அறையின் டைல்ஸை எண்ணி வந்திருந்தார்: இரண்டடி டைல்ஸ் ஏழு, ஆக பதினான்கு அடி. பதினான்கு அடி தள்ளி நின்றால் இருபத்தெட்டு லென்ஸில் பதினெட்டடி அகலம் விழும். ஆட்கள் பதினேழு பேர். எட்டுப் பேர் உட்கார, ஒன்பது பேர் பின்னால் நிற்க, தலைக்கு இரண்டடி: சரியாகப் பதினெட்டு. ஓரங்குலம் மிச்சமில்லை. எண் குறைந்தால் அகலம் கூடும்; இருபத்தொன்று லென்ஸ் என்றால் தாராளமாக விழும். ஆனால் அகலம் கூடக்கூட ஓரங்களில் என்னென்னவோ ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் சோதித்தாள். ஒன்றின் சோதனை மூடிக்குள் போயிற்று. மற்றதைச் செவ்வாய்க்கிழமை அச்சுப் போட்டால்தான் தெரியும்.

செவ்வாய் மாலை அச்சுத்தாள் ஈரத்தோடு கைக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு வந்தது. இருபத்தொன்று லென்ஸில் எடுத்த பன்னிரண்டு படங்களும் ஒரே தாளில் வரிசையாக. புத்தக அலமாரி, பால்கனிக் கதவு, காலண்டர் மாட்டிய சுவர். கோடுகள் எல்லாம் ரூல் தடி வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தன. மூலைகூடத் தெளிவு. 'நேர்கோடு: சரி. மூலை: சரி. வெளிச்சம்: ஓரத்தில் சற்றுக் குறைவு, பாதகமில்லை' என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தாள்.

பன்னிரண்டாவது படத்தில் பேனா நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஜோதிலிங்கம் ஏதோ காகிதம் கொடுக்க வீட்டுக்கு வந்திருந்தார். "அங்கிள், அப்படியே ஃபிரிட்ஜ் பக்கத்துல நில்லுங்கோ" என்று அவரையும் ஒன்று எடுத்தாள். பிறகு அவரோடு பேசிக்கொண்டே லென்ஸை மாற்றினாள். பேச்சு சுவாரசியத்தில்தான் மூடி மறந்துபோனது. இப்போது படத்தின் இடது கோடியில் அவர் நின்றார். பக்கத்தில் இருந்த ஃபிரிட்ஜ் துளிக்கூட மாறவில்லை. அவருடைய தலை மட்டும் பக்கவாட்டில் இழுபட்டுப் பரங்கிக்காய் மாதிரி இருந்தது. ஒரு தோள் தலையணை அளவு.

"ஸ்ம்ருதி, இது என்ன?"

"வைட்னா அப்படித்தான். செவுரு மாதிரி ஃப்ளாட்டா இருந்தா ஒண்ணும் ஆகாது. உருண்டையா இருக்கிறது எட்ஜ்ல போச்சுன்னா இழுத்துடும். தலை உருண்டைதானே?"

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீ செவுத்தைத்தான எடுக்கறேன்னு சொன்ன! யாராவது வைட் லென்ஸை வாங்கிட்டுப் போய் மூணு நாள் செவுத்தை எடுப்பாங்களான்னு நானே யோசிச்சேன்."

மாதங்கி நோட்டைப் புரட்டினாள். ஞாயிற்றுக்கிழமைச் சோதனைக்கு அவள் எழுதியிருந்த தலைப்புகள் ஏழு. ஏழிலும் முகம் இல்லை. ஆட்களை எடுக்கப் போகிறவள் ஆளை வைத்துச் சோதிக்கவில்லை. எவ்வளவு ஒழுங்காகத் தவறு செய்திருக்கிறோம் என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஆக, இருபத்தொன்று என்றால் ஜோதிலிங்கம் முழுசாக வருவார், ஆனால் பரங்கிக்காயாக வருவார். இருபத்தெட்டு என்றால் அவராக வருவார், வந்தால். மெட்ரோவில் அவள் இருபத்தெட்டு என்று முடிவு செய்தாள். அக்‌ஷர்தாம் ஸ்டேஷனில் வேண்டாம் என்று தோன்றியது. மயூர் விஹாரில் இறங்கும்போது மறுபடியும் இருபத்தெட்டு. பதினான்கு அடி இருக்கிறது, ஆளுக்கு இரண்டடி இருக்கிறது, எல்லோரையும் மூச்சு விடாமல் நிற்கச் சொன்னால் போதும்.

வீட்டில் ஜோதிலிங்கமே உட்கார்ந்திருந்தார். திரிலோக்புரியில் இருக்கிறார், நடந்து வந்துவிடுவார். வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் பட்டியலை அப்பாவிடம் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா மீனாக்ஷி அவருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், உங்க ரூம் பதினாலு அடிதானே?" மாதங்கி நின்றபடியே கேட்டாள்.

"யாரும்மா சொன்னது?"

"நான்தான் எண்ணினேன். சுவத்துக்குச் சுவர் ஏழு டைல்" என்றார் அப்பா.

"சார், செவுத்துக்குச் செவுரு சரி. பின்னாடி இரும்பு அலமாரி ரெண்டு வரிசை நிக்குதே, அதுமேல ஏறியா நிப்பாங்க? அது மூணு அடியத் தின்னுடும். பதினொண்ணு தேறும், அவ்ளோதான்."

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அதை மறந்தே போய்ட்டேனே. முப்பத்தேழு வருஷமா அங்க இருக்கு, கண்ணுலயே படலை."

மாதங்கி சுவரோரமாக உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டாள். பதினோரு அடி. இருபத்தெட்டு லென்ஸில் பதினான்கு அடி அகலம். நிற்கிற ஒன்பது பேரில் இரண்டு கோடியிலும் ஒவ்வொருவர் வெளியே போவார்கள். அதில் ஒருவர் யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குள் அர்விந்த் அவள் பையிலிருந்து அச்சுத்தாளை உருவிவிட்டான். "அக்கா, இது யாரு? ஜோதி அங்கிளா? என்ன பண்ணி வெச்சிருக்கே அவரை!"

"குடுடா அதை!"

அதற்குள் அது ஜோதிலிங்கத்தின் கைக்குப் போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். மாதங்கிக்குக் காதெல்லாம் சூடானது.

"பரவால்லம்மா" என்றார். "முழுசா இருக்கேன் இல்ல? தடிப்பா இருந்தாலும் நல்லதுதான். ஆபீஸ்ல நல்லா சோறு போடறாங்கன்னு ஊட்டுக்காரி நெனச்சுக்குவா. இத்தினி வருஷமா அவ ஒண்ணேதான் கேக்குறா: ஆபீசுக்குப் போறேன் போறேன்றியே, ஒரு போட்டோலயாவது ஆளக் காணோமே, நெசமா எங்கதான் போற?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாதங்கியால் சிரிக்க முடியவில்லை. பரங்கிக்காயாக இருந்தாலும் போதும் என்கிறாரே, அந்தப் 'போதும்'தான் அவளைக் குத்தியது.

"ஏன் அங்கிள் நீங்க எப்பவும் கோடிலயே நிக்கறேள்?"

"நானா ஆசப்பட்டு நிக்கிறேன்? நாற்காலி தூக்கிப் போடணும். டீ கப்பெல்லாம் ஒளிச்சு வெக்கணும். டைரக்டர் ரூமுக்கு ஓடிப் போய், சார் எல்லாரும் ரெடின்னு சொல்லணும். அதெல்லாம் முடிச்சு வந்து பாத்தா எடம் எங்க இருக்கு? ஓரந்தான் பாக்கி."

மாதங்கி அச்சுத்தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். கோடியில் பரங்கிக்காய். பக்கத்தில் ஃபிரிட்ஜ் நேராக. நடுவில், கதவருகே, அப்பா பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் அப்போது கவனிக்கவே இல்லை. அப்பா அப்பாவாகவே இருந்தார்.

"அம்மா, நம்மாத்துல டம்ளர் எத்தனை இருக்கு?"

"எதுக்குடி?"

"பதினேழு வேணும்."

"பதினேழா? நாளைக்குக் காபியை உள்ளங்கைலயா குடிக்கறது?" என்று முணுமுணுத்தாலும் அம்மா எண்ணி எடுத்துவந்து கொடுத்தாள். பூஜைக்கு வைத்திருந்த இரண்டையும் சேர்க்க வேண்டியிருந்தது.

அவர்கள் வீட்டு டைல்ஸும் இரண்டடிதான். மாதங்கி ஹாலில் மூன்று வரிசை வைத்தாள். முன்னால் ஐந்து, நடுவில் ஆறு, பின்னால் ஆறு பேருக்கு இடம் விட்டு ஐந்து. ஆறு பேர் என்றால் பன்னிரண்டு அடிதான். கேமராவின் தலையில் இருபத்தொன்றின் கண்ணாடியைச் செருகிக்கொண்டு பதினோரு அடி தள்ளிச் சமையலறை வாசலில் மண்டியிட்டுப் பார்த்தாள். டம்ளர்கள் நடுவில் கூட்டமாக நின்றன. இருபுறமும் மூன்றடிக்கு மேல் காலி.

"ரெண்டு பக்கமும் காலியா இருக்கே" என்றான் அர்விந்த், அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"அங்க அலமாரி வரும். இரும்பு அலமாரியை எந்த லென்ஸும் ஒண்ணும் பண்ணாது. அது ஃப்ளாட்."

அப்பா டம்ளர்களைச் சுற்றி நடந்தார், ஃபைலில் குறை தேடுகிறவர் மாதிரி. "முன்னாடி அஞ்சு பேர் யாரு?"

"புதுசா வேலைக்கு வந்த பசங்க இருக்காளே, அவா. தரையில உக்காரட்டும்."

"அண்டர் செக்ரட்டரி என்ன சொல்வார்?"

"அவரையாப்பா தரையில உக்காரச் சொல்றேன்?"

அப்பா யோசித்தார். வழக்கம் இரண்டு வரிசைதான்; பதவிப்படி உட்காருவார்கள், மீதிப் பேர் நிற்பார்கள். மூன்று வரிசை என்பது பள்ளிக்கூடத்தில் எடுப்பது. "சரி," என்றார் கடைசியில், "நான் சொல்லிக்கறேன். கடைசி நாள்ல என்னை என்ன மெமோவா குடுக்கப் போறா?"

மாதங்கி மீந்திருந்த ஒரு டம்ளரை ஜோதிலிங்கத்திடம் நீட்டினாள். "அங்கிள், இது நீங்க. பின்வரிசையில இன்னும் ஓர் ஆள் பாக்கி. வெச்சுடுங்கோ."

அவர் எழுந்து வந்து, குனிந்து, பின்வரிசையின் இடது கோடியில் டம்ளரை வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தவர், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, "என்ன?" என்றார்.

நடுவில் இடம் இருந்தது. அப்பாவின் டம்ளருக்கு நேர் பின்னால். மாதங்கி வேண்டுமென்றே விட்டு வைத்திருந்த இடம்.

"அங்கயா? வேணாம்மா. சாருக்குப் பின்னால டைரக்டரோட பி.ஏ. நிப்பாரு. எப்பவும் அவருதான்."

"பி.ஏ. நகர்ந்துப்பார்" என்று சொல்லிவிட்டு அப்பா தானே குனிந்து டம்ளரை எடுத்து நடுவில் வைத்தார். முட்டி வலியோடு அவர் குனிவதை அம்மா பார்த்தாள்.

பிறகு படிவத்தை எடுத்துவந்து மேஜையில் விரித்தார். மாதங்கி லென்ஸை விளக்கடியில் பிடித்து ஏழு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்பா எழுதித் திருப்பிப் படித்தார். 'அகல லென்ஸ், ஒன்று, இருபத்தொரு மில்லிமீட்டர்.' கையெழுத்தும் போட்டார். இனி இருபத்தெட்டு இல்லை.

புதன்கிழமை ஃபைல் மேலே போயிற்று. வியாழக்கிழமை மத்தியானம் அனுமதி வந்துவிட்டது. அப்பா சாயங்காலம் கொண்டுவந்த நகலில் எண்ணை மூன்று முறை ஒப்பிட்டாள். சரியாக இருந்தது. அதனால் பயம் குறையவில்லை, இடம் மாறியது. டியூப் லைட் வெளிச்சம் போதுமா? உட்காரச் சொன்னால் அந்தப் பையன்கள் தரையில் உட்காருவார்களா? கேமராவின் தலையில் செருகிய கண்ணாடி காட்டுவதும் லென்ஸ் காண்பதும் ஒன்றேதானா? ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பதில் எழுத முடிந்தது. ஒன்றுக்கு மட்டும் எழுத முடியவில்லை. ஜோதிலிங்கம் யோசிக்காமல் குனிந்து, யோசிக்காமல் டம்ளரைக் கோடியில் வைத்தது. நாளைக்கும் எல்லோரும் நின்ற பிறகு, கதவைச் சாத்திவிட்டு வந்து, அதே கோடியில்தான் நிற்பார். அதற்கு லென்ஸில் வழி இல்லை.

சாப்பிட்டு எழுந்ததும் அவள் நோட்டைத் திறந்தாள்.

30 அக்டோபர் 2025, வியாழன். இன்று தவறு எதுவும் கண்ணில் படவில்லை. அதுவே பயமாக இருக்கிறது. லென்ஸின் மூடியைச் சற்றுமுன் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். நாளைக்கு அது என்னோடு வராது. லென்ஸைத் துணியில் சுற்றி எடுத்துப் போகிறேன்.

நாளை: போட்டோ மூன்று மணிக்கு. நான் இரண்டு மணிக்கே கேட்டில் இருக்க வேண்டும். நாற்காலி ஆறையும் நானும் அந்தப் புதுப் பையன்களுமாகப் போட வேண்டும். டீ கப்களை நான் எடுக்க வேண்டும். டைரக்டரைக் கூப்பிட அப்பா போவார், பேசியாகிவிட்டது. அறை காலியாக இருக்கும்போதே முதல் ஆளாக ஜோதி அங்கிளை நடு டைலில் நிறுத்த வேண்டும். அவரைச் சுற்றித்தான் மற்றவர்கள்.